ரீசார்ஜ் நோட்டு

கட்டபெட்டு முக்கில் என் கடை.
கணக்கெடுப்புக்கு வந்த டீச்சரம்மா
மேல் லைன் முழுக்க ஏறி இறங்கி
மூச்சு வாங்க வந்து நின்றார்.
கேட்டிருந்தால் இந்த நோட்டையே கொடுத்திருப்பேன்.

பதினொரு வீடு.
ஏழில் ராஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள்,
எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு.
தினம் இரண்டு ஜிபி.
அதுவும் தீர்ந்து ராத்திரி ஷட்டரைத் தட்டுவார்கள்.
புத்னி வீடியோவில் அழும்போது
கையை நீட்டிப் போனைத் தள்ளிப் பிடிப்பாள்,
அங்கே முகம் சின்னதாகத் தெரியட்டும் என்று.

மீதி நாலில் எழுபதைத் தாண்டியவர்கள். பட்டன் போன்.
சன்னாசி மாதம் தவறாமல் போடுகிறார்.
திருப்பூர் மகன் கூப்பிட்டு வருஷமாகிறது.
"லைன் உசிரோட இருக்கா, ஒரு தடவ அடிச்சுப் பாரு."
அடிப்பேன்.
எடுக்கமாட்டார்.
சட்டைப் பையில் கை வைத்தபடி
கடைசி மணிவரை கேட்டுக்கொண்டு நிற்பார்.

போன ஐப்பசியில் மழைக்கு டவர் விழுந்து
மூன்று நாள் சிக்னல் இல்லை.
பிள்ளைகள் காரணமில்லாமல் அடித்துக்கொண்டார்கள்.
சன்னாசிக்கு விஷயமே தெரியாது.
வழக்கம்போல ஒன்றாம் தேதி வந்தார்.

முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே
நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.
என் நம்பர் மட்டும் இருந்தது.

"உங்க வீட்டுல எத்தனை பேர்?"
ஒருத்தன் என்றேன்.
எழுதிக்கொண்டார். குடையை மடக்கினார்.
பிறகு, தனக்கும் ஒரு மாசத்துக்குப் போடச் சொன்னார்.

வயது நாற்பத்தொன்று இருக்கும்.
நம்பரை மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.