பங்காளி

ஒசாகாக்காரர் எழுதியிருந்தார்:
பல் போதும், ரத்தம் போதும்,
அலமாரி நிறைய வைத்திருக்கிறேன்.
உங்கள் ஊரில் எதற்குப் பயப்படுவீர்கள்?

காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம்,
சைக்கிள் கடை மாடி.
கரண்டு போனால் பிரிண்டருக்கு
இருபது நிமிடம்தான் இன்வெர்ட்டர் உயிர்.
முதலில் நான் வரைந்தது ஒரு முனி.
மீசை, அரிவாள், பிதுங்கிய முழி.
சாத்தப்பன் பார்த்துவிட்டு,
"தஸ்லிமா, இது காவலுக்கு நிற்கிறது.
இதைப் பார்த்தால் எனக்கு
நல்லாத் தூக்கம் வரும்" என்றான்.

இரண்டாவதற்கு வாயே இல்லை.
மூன்றாவதற்கு வாய் மட்டும்.
நான்காவதை எதிர்வீட்டுப் பையன் தூக்கிப்போய்
அதன் மண்டையில் பம்பரம் விட்டான்.

சாத்தப்பனுக்கு அன்று மத்தியானம் ஒரு போன்.
பள்ளத்தூர் வீட்டில் ஓடு சரிந்து
வளவுக்குள் மழை இறங்குகிறதாம்.
"போய்த் திறந்து பாரேன்."
"திறக்கலாம். பதினோரு பங்கு.
ஒரு சாவி ஈப்போவில், ஒன்று பெங்களூரில்,
ஒன்று கோர்ட்டில்,
ஒன்று யாரிடம் என்பதுதான் கேஸே.
என்னிடம் இருப்பது கொல்லைக் கதவுக்கு.
அதில் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு."
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
அந்தச் சிரிப்பின் தாடையை
ஆறுவதற்குள் களிமண்ணில் பிடித்துவிட்டேன்.

தாடைக்கு மேல் முகம் வைக்கவில்லை.
சாத்திய இரட்டைக் கதவு வைத்தேன்.
பதினோரு கை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை:
மோதிரத் தழும்பு உள்ளது, கையெழுத்துப் போட்டே வளைந்தது,
தொட்டிலை விட்டு இறங்காதது.
முட்டை வெள்ளை கலந்த சுவரின் வழுவழுப்பு
தோலில் வரவேண்டும் என்று
ஏழு தடவை ப்ரைமர். எட்டாவது தடவை தும்மல்.
தோளில் ராட்செட் மூட்டு;
திருப்பினால் டிக்கென்று பூட்டு விழும்.

நிற்கவில்லை.
மூன்று முறை குப்புற விழுந்தது.
ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது என்றேன்.
"இழுக்காமல் என்ன செய்யும்?" என்று
பாதத்தில் ஈயம் ஊற்றினான்.

வயிற்றில் ஒரு பெட்டகம்.
மொத்தமே பதினோரு பொம்மை,
ஒவ்வொன்றின் கையிலும் ஒரே ஒரு சாவி.
எந்தச் சாவி என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.
பதினொருவரும் ஒரே மேசைக்கு வந்தால்
ஒரு வயிறு திறக்கும்.

ஒசாகாவிலிருந்து பதில்:
சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர்
தூசிகூடக் கடன் கொடுப்பதில்லை.
இது ஒருநாளும் திறக்காது.
கீழே இன்னொரு வரி:
முன்பணம் அனுப்பியாயிற்று.

உள்ளே என்ன வைப்பது என்று இரண்டு நாள் சண்டை.
காலியாக விடு என்பது அவன் கட்சி.
ஒன்றுமில்லாததற்கா இத்தனை கை என்பது என்னுடையது.
கடைசியில், மாதிரிப் பொம்மைக்குள்
நான் ஒன்றை வைத்தேன், அவனிடம் சொல்லவில்லை.
அவனும் ஏதோ வைத்தான்,
என்னிடம் சொல்லவில்லை.
ஒட்டி மூடினோம். பதினொன்றும் கப்பல் ஏறின.

பெட்டகச் சுவருக்குப் பின்னால்
வடிதுளை விட மறந்திருந்தோம்.
வெளிச்சம் படாத ரெசின் உறைவதில்லை,
அடைத்த இடத்தில் அது வேலை பார்த்துக்கொண்டே இருக்கும்.
ஐப்பசியில் ஒரு நாள், விடியுமுன்,
மாதிரியின் வயிறு தானாகக் கீறியிருந்தது.
மேசையில் நாற்றத்தோடு பிசின்.
நான் வைத்ததும் அவன் வைத்ததும்
பிரிக்க வராமல் ஒட்டிக் கிடந்தன.
எது என்ன என்று இருவருமே கேட்கவில்லை.
அதன் கையில் சாவி
அசையாமல் இருந்தது.

கையுறையைக் கழற்றாமலே
பள்ளத்தூர் வாட்ச்மேனை எழுப்பினான் சாத்தப்பன்.
"வெளிச்சுவரைக் கொஞ்சம் சுத்திப் பாரு.
ஆமா, இப்பவே."

அந்தப் பக்கம்
டார்ச்சைத் தட்டும் சத்தம்:
டிக்.