சொல்லடைவு போடுகிறவன்

எல்ஸ்பெத் ரெண்டலை ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன்.
அவருடைய ஆறு புத்தகங்களுக்கும்
கடைசிப் பக்கங்கள் என்னுடையவை.
லீத் துறைமுகத்தின் பின்தெருவில், மீன்கடை மாடியில்,
எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று
குறித்து வைப்பது என் பிழைப்பு.
நன்றியுரையின் கடைசி வரியில் நான் வருவேன்,
பெரும்பாலும் எழுத்துப் பிழையோடு.

வரலாற்று மனிதர்களின் கதை எழுதுகிறவர் கதையை
வால் பக்கமிருந்து படித்தவன் நான்.
முதல் புத்தகம் ஒரு கலங்கரைவிளக்கப் பொறியாளர்.
'மழை', முப்பத்தோரு இடங்கள்.
அப்போது ஸ்ட்ராம்னெஸ்ஸில் அவர் குடியிருந்த வீட்டுக்கு
ஒழுகாத மூலை கிடையாதாம்.
இரண்டாவதில், 'தொட்டில்' எங்கிருந்தோ வந்து
எட்டுப் பக்கங்களில் ஆடியது.
மூன்றாவதில் 'மணமுறிவு, சட்டம்'.
இருநூறு வருடத்துப் பழைய சட்டத்தை
அவ்வளவு கோபத்தோடு யாரும் விளக்கியதில்லை.
நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே ஏழு வருடம்.
அதற்குச் சொல்லடைவு இல்லை.

ஆறாவது, மாக்னஸ் ஃபிளெட்.
ஆர்க்னித் தீவில் கடற்பாசி எரித்து
சாம்பலை விற்றுப் பணக்காரனான நிலக்கிழார்.
நான் போட்டது இப்படி:

ஃபிளெட், மாக்னஸ்: பிறப்பு 9; கடன் 41, 77, 203;
குதிரைகள் மேல் பிரியம் 58; குத்தகைக்காரரிடம் கடுமை 90–96;
கடிதங்களின் அழகு 4, 12, 31, 60, பிறகு எங்கும்.
ஃபிளெட், மார்ஜரி (மனைவி): 112, அடிக்குறிப்பு.

பரிசு கிடைத்தது. எடின்பரோவில் விழா.
நடுவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பக்கம் அறுபதிலிருந்து வாசித்தார்:
'கடல் இன்றும் கடன்காரனைப் போல வாசலில் நிற்கிறது.
உள்ளே வா என்றும் சொல்ல முடியவில்லை,
போய் வா என்றும் சொல்ல முடியவில்லை.'
கைதட்டல் அடங்க நேரமானது.
மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்து என் கையைப் பிடித்தார்.
'நீங்களா? இன்னும் வயதானவர் என்று நினைத்தேன்.'
எனக்கு அப்போது அறுபத்தொன்று.

நவம்பரில் ஒரு பொட்டலம் போயிருக்கிறது அவருக்கு.
சாண்டே தீவில் பண்ணைவீட்டை விற்கப் போன ஒருவர்
சுவர்ப்பலகைக்குப் பின்னால், மாவுப்பையில் கண்டெடுத்த
வீட்டுக் கணக்கு நோட்டு.
வெண்ணெய் இவ்வளவு, உப்பு இவ்வளவு,
மெழுகுவர்த்தி இரண்டு டஜன்,
அதற்கடியில், அதே கையெழுத்தில்:

கடல் இன்றும் விருந்தாளியைப் போல (அடித்திருந்தது)
காவல்காரனைப் போல (அடித்திருந்தது)
கடன்காரனைப் போல

மார்ஜரியின் கை.
மாக்னஸின் கடிதத்துக்கு நான்கு நாள் முந்தைய தேதி.
அந்த ஒன்று மட்டுமல்ல.
நோட்டு முழுக்க அவன் கடிதங்கள்,
அவன் எழுதுவதற்கு முன்பே.

தொலைபேசியில் வெகுநேரம் காற்றுதான் கேட்டது.
பிறகு, 'பதினொரு வருடம்
அந்த ஆளைக் காதலித்தேன்' என்றார்.
'காதல் சரி. ஆள்தான் தப்பு.'

பதிப்பாளர் பின்னிணைப்பு போதும் என்றார், இரண்டே பக்கம்;
அட்டையில் பரிசு முத்திரை இன்னும் காயவில்லையே.
இவர் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினார்.
கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்ததைத் தள்ளிப் போட்டு,
இரண்டு குளிர்காலம்.

என் பங்கு சின்னது.
எண்களை ஒவ்வொன்றாக அவன் பெயரிலிருந்து எடுத்து
அவள் பெயருக்கு நகர்த்தினேன்,
தூங்கும் குழந்தையைக் கட்டில் மாற்றுவது போல.
அடிக்குறிப்பாக இருந்தவள் இரண்டு பத்திக்கு நீண்டாள்.
மாக்னஸுக்கு மிஞ்சியது பிறப்பு, கடன், குதிரை.
'கையெழுத்து, தெளிவான' என்று ஒன்று சேர்த்தேன்.
பாவம், படியெடுத்தவன்.

மெய்ப்புப் படி திரும்பி வந்தபோது
'ர' வரிசையில் பென்சிலால் ஒரு பதிவு இருந்தது:
ரெண்டல், எல்ஸ்பெத்: தவறியது, முதல் பதிப்பு முழுவதும்.
எழுதியவரைச் சொல்லடைவில் சேர்ப்பது எங்கள் வழக்கமில்லை.
சேர்த்தேன்.

நன்றியுரையில் என் பெயர்
இந்த முறையும் தப்பாகத்தான் இருந்தது.
திருத்தச் சொல்லி எழுதவில்லை.