பேருந்து கடந்த ஏழு நொடி

என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.
கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து எண்ணினேன்.
மொந்தேவிதேயோவில் ஆகஸ்டு என்றால் குளிர்;
ஹீட்டரோ பாதி அரங்குக்குத்தான் வேலை செய்தது.
சாய்ந்த படகில் போல
எல்லோரும் இடப்பக்கமாகவே ஒண்டியிருந்தார்கள்.

படம் இவ்வளவுதான்:
கடற்கரைச் சாலையில் நின்றுபோன ஒரு கார்.
உள்ளே ஒருத்தி, ஒருவன், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர்,
மாத்தே இலை ஊறும் ஒற்றைச் சுரைக்குடுவை.
இழுவை வண்டி வரும்வரை எண்பத்தோரு நிமிடப் பேச்சு.
வந்ததும் அவள் இறங்கி நடந்துவிடுகிறாள்.
கார் இயக்குநரின் சித்தப்பாவுடையது,
நிஜமாகவே ஓடாது.
மற்றபடி செலவு என்று பார்த்தால்
பேட்டரி, எம்பனாதா,
இன்னும் வாடகை பாக்கியிருக்கும் என் மைக்.

விளக்கு எரிந்தது. வாசலில் மழை.
குடை கொண்டுவராதவர்கள்
அபிப்பிராயம் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"ஒண்ணுமே நடக்கலையே" என்றார் எச்செவெரி, பல் மருத்துவர்.
நாளெல்லாம் வாய் திறந்தபடி
பேச முடியாமல் கிடப்பவர்களோடு இருப்பவர்;
இவ்வளவு பேச்சு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சினிமா படிக்கும் பெண்ணொருத்தி
கண்ணாடியில் விழுந்த நிழலைப் பற்றிச் சொன்னாள்.
அது அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளாம்.
எனக்குக் கை வலித்து
மைக் கம்பு தாழ்ந்த இடம் அது.
நான் வாய் திறக்கவில்லை.

"அவ இறங்கியிருக்கக் கூடாது" என்றார் அரியேல் பெந்தான்கூர்.
"முதல் பத்து நிமிஷத்துலயே இறங்கியிருக்கணும்" என்றாள் அவர் மனைவி ஸுல்மா.
"அந்தக் குளிர்லயா?"
"குளிர் என்ன குளிர். உங்க அக்கா வீட்டுல இருந்த குளிரை விடவா?"
அதற்குப் பிறகு அவர்கள் பேசியது
எந்தப் படத்தைப் பற்றி என்று எனக்குத் தெரியாது.

டிக்கெட் கிழிக்கும் நாவெல்தான் கேட்டான்:
"அந்த பஸ் போகும்போது அவ என்ன சொல்றா?"

பிறகு ஒருவரும் மழையைப் பார்க்கவில்லை.
மருத்துவர் சொன்னார், கர்ப்பம்னு சொல்றா.
மாணவி சொன்னாள், வேறொருத்தன் பேரு.
மன்னிச்சிட்டேன்னு, என்றாள் ஸுல்மா.
மாட்டேன்னு, உதட்டைப் பார்த்தேன், என்றார் அரியேல்.
மூலையில் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்த கிழவர்
காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினார்:
"நான் இதை அணைச்சு வெச்சிருந்தேன்.
எனக்கு முழுப் படமும் அப்படித்தான்.
நல்லா இருந்துச்சு."

ஏழு நொடி.
விடிகாலை மூன்று மணி, காலியான ஒரு பேருந்து.
இன்னொரு முறை எடுக்கப் பேட்டரியில் உயிர் இல்லை.
வசனத் தாளில் இருந்த வரி எனக்கு மனப்பாடம்:
'கண்ணாடியை ஏத்து, குளிருது.'
ஆனால் பேருந்து போனபின் அவன் சிரிக்கிறானே,
கண்ணாடியை ஏற்றச் சொன்னதற்கு
யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.
நாற்பது இரவு அந்தச் சிரிப்பை மட்டும்
முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டேன்.
கண்ணாடி ஏறும் சத்தமும் இல்லை.

அவனிடம் கேட்டால், "எந்த பஸ்?" என்கிறான்.
அவளிடம் நான் கேட்கவில்லை.
படப்பிடிப்பு முடிந்த காலையில்
கேபிளைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில்தான் நின்றாள்,
என் கையுறையை மாட்டிக்கொண்டு.
கேட்டிருக்கலாம். ஏதாவது ஒன்றைக் கேட்டிருக்கலாம்.

மழை விட்டது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.
தெருமுனை வரை போன எச்செவெரி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.
"நாளைக்கு எத்தனை மணிக்கு?
ஒண்ணும் நடக்கலதான்.
அந்த பஸ்ஸை மட்டும் இன்னொரு தடவை பார்க்கணும்."

நாவெல் கணக்கு நோட்டை விரித்துப்
பதினெட்டு என்று எழுதினான்.
என்னைப் பார்த்தான். "நீங்க டிக்கெட் வாங்கினீங்களா?"

வாங்கியிருந்தேன்.