காலண்டருக்குப் பின்னால்

பல்லடத்துக்குப் புறவழிச் சாலை வருகிறதாம்.
பதினெட்டு வருசமாக வருகிறது
தரகர் திருமூர்த்தியின் வாய்வழியாக.
"சென்ட்டு இன்னைக்கு நாலு லட்சமுங்க அம்மணி,
தை பொறந்தா அஞ்சரை."
தலையாட்டி வைத்தேன்.
தை எந்த வருசம் பிறக்காமல் இருந்திருக்கிறது?

பத்திரம் சுத்தம்.
முப்பது வருசத்து வில்லங்கத்தில் ஒரு வரிகூட இல்லை.
பட்டா அவர் பேரில். நாலு மூலையிலும் கல்.
மனுசனுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கத்தான்
எந்தச் சார்பதிவகத்திலும் ஜன்னல் இல்லை.

அதனால் போன இடத்திலெல்லாம்
மோட்டாரைப் போடச் சொல்வேன்.
போட்டுவிட்டு வேறு பேச்சுப் பேசுவேன்,
பனியன் விலை, பையன் படிப்பு, பங்குனி வெயில்.
அஞ்சு நிமிசம் எல்லாப் போரும் தண்ணி தரும்.
அஞ்சு நிமிசம் எல்லா மனுசனும் தங்கம்.
இருபத்தைந்தாவது நிமிசம்தான்
குழாய் இருமும்,
ஆள் கடிகாரம் பார்ப்பான்.

மங்கலத்தில் ஒருத்தர்
பதினோராம் நிமிசமே "கரண்ட் போயிருச்சுங்க" என்றார்.
தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவிநாசி வீட்டில் தண்ணி நின்று ஓடியது.
கிழக்குப் பார்த்த வாசல், தேக்கில் நிலவு.
அந்த வீட்டுக்காரர் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்,
வெட்ட வந்த ஆளை
பேர் சொல்லாமல் விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்.
விலை படிந்திருந்தது. வண்டியைத் திருப்பிவிட்டேன்.
திருமூர்த்திக்கு அது இன்னும் புரியவில்லை,
போன கமிஷனை வட்டியோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது லோகநாதன் வீடு.
எட்டு சென்ட், பின்னால் தறிக் குடோன்.
தறிகள் எடைக்குப் போய்விட்டன;
அவை நின்ற இடத்தில் தரை மட்டும்
எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது.
மோட்டார் ஓடுகிறது. இருபது நிமிசம். முப்பது.
"உப்புத் தண்ணிங்க. சாயம் எறங்கிக் கெட்டது.
துணி தொவைக்கலாம், குடிக்க ஆகாது.
போன்லயே சொன்னனுங்களே."
சொன்னார்தான்.
சொன்னாலும் கையேந்திக் குடித்துப் பார்த்தேன்.
சொன்ன அளவுக்கு உப்பு.

விலை பேச உட்காரும் முன்னால் அவரே ஆரம்பித்தார்.
"பின் ரூம்ல ஒரு ஒடிசாப் பையன் இருக்கறானுங்க.
அவன் அட்வான்ஸ் பன்னெண்டாயிரம் எங்கிட்ட.
அதை எடுத்து வெச்சுட்டுத்தான் மீதியப் பேசோணும்."
யாரும் அதைக் கேட்கவில்லை.
எந்தக் காகிதத்திலும் அது இல்லை.
மேசைக்கு அடியில் திருமூர்த்தி
அவர் காலை மிதித்தது மட்டும் தெரிந்தது.

அப்போதே சரி என்றிருக்கலாம்.
பழக்கம் விடவில்லை.
எழுந்து போய்
வடக்குச் சுவரில் தொங்கிய
மளிகைக்கடைக் காலண்டரைத் தூக்கினேன்.

ஆணி.
ஆணியைச் சுற்றி
வெயில் படாத பழைய நீலம்.

லோகநாதன் சிரிக்கவில்லை.
"உங்க வீட்டுல எந்தச் சுவருங்க?" என்றார்.

வெள்ளியங்காட்டு வீடு. உள்ளறை, மேற்குச் சுவர்.
நாலு விரல் நுழையும் விரிசல்.
நூல்கடைக்காரன் கொடுத்த பெரிய முருகன் படம்
அளந்து செய்தாற்போல் அதன்மேல் உட்கார்ந்தது.
வாங்க வந்த பொன்னுரங்கம்
செருப்பைக் கழற்றிவிட்டு
அதைக் கும்பிட்டார்.
தூக்கிப் பார்க்கவில்லை.
ஐப்பசி மழையில் அவரிடமிருந்து நாலு தடவை போன் வந்தது.
நான் எடுக்கவில்லை.

இதில் ஒன்றும் லோகநாதனிடம் சொல்லவில்லை.
காலண்டரை நேராக்கினேன்.
நேராகத்தான் இருந்தது, திரும்பவும் நேராக்கினேன்.
"மோட்டாரை நிறுத்திப்போடுங்க" என்றேன்,
"கரண்ட் வீணாகுது."

அவர் எழவில்லை.
பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார்.
வெயில் இந்த வருசம் அதிகம் என்றார்.
கேட்டுவிட்டு, சொல்லிவிட்டு,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
மோட்டாரைப் போட்டுவிட்டு
நான் பார்ப்பேனே, அப்படி.