நூற்றுப் பன்னிரண்டு ஜோடி

போடி ரயிலில் வந்து
உசிலம்பட்டியில் இறங்கி
மாட்டுவண்டியில் நாலு மைல் குலுங்கி
ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது பெட்டி.
சித்திரை இருபத்தொன்பது.
அக்கினி நட்சத்திரம்.
களிம்பு டப்பாவில் களிம்பு தண்ணீராய் நின்றது.

மைலிஸ் என்பது அவள் பெயர்.
ஊர் வாயில் அது நிற்காமல்
முதல் வாரமே மயிலு அம்மா ஆகிவிட்டாள்.
மகன் ஓலா, ஓலை.
டாக்டர் மட்டும் டாக்டர்.

ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கினால்
கம்பளிக் காலுறைகள்.
சிவப்பு, நீலம், பாசிப்பச்சை,
எல்லாம் குழந்தைக் கால் அளவு.
கம்பவுண்டர் என்பதால் எண்ணும் வேலை எனக்கு:
நூற்றுப் பன்னிரண்டு ஜோடி,
ஒற்றை ஒன்று.
ஒன்றுக்குள் ஒரு துண்டுச் சீட்டு.
மயிலு அம்மா தமிழில் வாசித்தாள்:
"என் பெயர் குன்வோர். வயது பன்னிரண்டு.
உங்கள் ஊரில் பனி எப்போது விழும்?"

புண் கட்டிக்கொண்டிருந்த ஒச்சாயி
காலை நீட்டியபடியே பதில் சொன்னாள்:
"மார்கழியில கொட்டும். தையிலயும்.
சோளத்தட்டையெல்லாம் நனஞ்சு போகும்னு எழுதுங்க."

சனிக்கிழமை கொடுத்தோம்.
யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.
யாரும் போட்டுக்கொள்ளவுமில்லை.

விருமாயி கதிர் அரிவாளுக்கு உறை மாட்டினாள்.
தலையாரி சுருக்குப்பையை விட்டுவிட்டு
புகையிலையை இதில் வைத்தார்.
டீக்கடைச் சின்னக்காளை டிகாஷன் வடிகட்டியதில்
சாயம் இறங்கி
இரண்டு நாள் ஊரே சிவப்பு டீ குடித்தது.
வயிறு வலியென்று பதினாலு பேர் வந்தார்கள்,
பதிவேட்டில் இருக்கிறது.
ஒச்சாயிதான் கெட்டிக்காரி.
வெள்ளாட்டுக்கு இரண்டு காம்பு,
ஜோடிக்கு இரண்டு உறை.
முட்டி முட்டிப் பார்த்த குட்டி
வாயில் நீலநூலோடு திரும்பிப் போனது.

நன்றிக் கடிதம் தள்ளித் தள்ளிப் போயிற்று.
ஆடி பிறந்து
அரிக்கேன் விளக்கைக் காற்று அணைத்த ஓர் இரவில்
மருந்து அறைக்கு வந்து கேட்டாள்:
"பொய்யும் கூடாது, அவர்கள் நோகவும் கூடாது.
எப்படி எழுத?"
"எல்லாம் உபயோகத்தில் இருக்கிறது
என்று எழுதுங்கள்" என்றேன்.
சிரித்தாள்.
பிரித்தாவைக் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில்
விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து
அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அன்று காலைதான் மலையிலிருந்து தபால்:
மழை விடவில்லை,
துவைத்தது காயவில்லை,
ஈரக் காலுறையோடு வகுப்பில் இருக்கிறேன் அம்மா.

ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கலாமே என்றார் டாக்டர்,
எழுமலை முகாமிலிருந்து வந்த புழுதி முகத்தோடு.
"அது இவர்களுக்கு வந்தது."
அதற்குமேல் பேசவில்லை.
கஞ்சி ஆறியது. தட்டைப் பார்த்து ஜெபித்தார்கள்,
வழக்கத்தைவிட நீளமாக.

ஓலைக்கு மரமேறவும் தெரியும்,
ஊர்க் கெட்டவார்த்தை முழுக்கத் தெரியும்,
வாயடக்கம் மட்டும் தெரியாது.
செவ்வாய்க்கிழமை
கட்டு மாற்ற வந்த ஒச்சாயி
மடியை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.
நீல ஜோடி.
சீயக்காய் போட்டு அலசியும்
ஆட்டுவாடை கொஞ்சம் மிச்சம்.

"மலையில பிள்ளைக்குக் கால் ஈரங்காயலையாமே."
"உங்கள் ஆட்டுக்கு?"
"அது பால் வத்திப் போச்சு தாயி. இனி எதுக்கு?"

மயிலு அம்மா என்னைப் பார்த்தாள்.
ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது:
வாசல் வேம்பில் வெள்ளாடு,
நிறைந்த மடி,
கிழிந்த சேலைத்துணியில் புதுக்கட்டு.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவளும் அதே ஜன்னல் பக்கம்தான் நின்றாள்.

வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும்.

கடிதம் அன்றிரவே முடிந்தது.
நூற்றுப் பதினோரு ஜோடியின் கதை
ஒரே வரியில்.
மீதி ஒன்றுக்கு ஒரு பக்கம்.
கடைசியில் குன்வோருக்கு:
மார்கழியில் கொட்டும், தையிலும்,
சோளத்தட்டை நனைந்து போகும்.

கவரை ஒட்டிய பிறகுதான்
அந்த ஒற்றை ஞாபகம் வந்தது எனக்கு.
தேடினேன்.
ஓலையின் கட்டிலடியில்
பாசிப்பச்சை ஒன்று
மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது,
உள்ளே ஓணானோடு.