நாலும் இரண்டும்

கடைவாசல் வழியத் தொடங்கிய ஒன்பதாம் நாள்
காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில்
டாட்டா ஏஸிலிருந்து இறக்கினோம்,
நானும் இம்தாதும்,
வாலாஜா லாரி ஷெட்டில் இரவல் வாங்கிய
டயர் ட்யூப்புகள் மேல் உருட்டி.

ஒன்று மஞ்சள். டூ ஸ்ட்ரோக்.
மற்றது வெள்ளை. ஃபோர் ஸ்ட்ரோக்;
ஓர் அரிசிச் சிப்பம் அளவுக்குக் கூடுதல் கனம்.

இரண்டிலும் உட்கார இடமில்லை.
நின்றுதான் ஓட்ட வேண்டும்,
ஓடினால்தான் நிற்க முடியும்,
வேகம் குறைந்தால் காலடியில் தண்ணீர் ஏறும்.
பட்டறைக் கடன் கட்டுகிறவனுக்கு
இது புது விதியல்ல.

தோல் ஷெட் குணாளன் போனில் கேட்டிருந்தார்:
"மோர்தானால வாடகைக்கு வுடலாம்னு கீறேன்.
ரெண்டுல எத வாங்கட்டும்?
ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு."

மஞ்சளுக்கு எண்ணெய் கலக்க வேண்டும்.
நாலு லிட்டருக்கு நூறு மில்லி.
மகளின் இருமல் மருந்துக் குப்பி
சரியான அளவு.
குப்பியில் இன்னும் கொஞ்சம் துளசி வாசனை.

சுற்றுக்கு ஒரு வெடி அதற்கு.
இழுப்பதும் அமுக்குவதும் துப்புவதும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடக்கும்,
பஸ் பிடிக்கிறவன் சாப்பாடு போல.
பாதித் திறப்பு வரைக்கும் வாயே திறக்காது.
பிறகு
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும்,
பஞ்சாயத்தில் கடைசியாக எழுந்தவன் மாதிரி.

ஏழு முறை விழுந்தேன்.
மணிக்கட்டுக் கயிறு கழன்று என்ஜின் அணைய,
ஒவ்வொரு முறையும் ஏரி
காதுக்குள் வந்து அமைதியாக இருந்தது.
எட்டாவது முறை முழங்காலிலிருந்து எழுந்தேன்.
புகைக்கு நடுவே
ஓச்சேரிப் பக்கத்துப் பனைகள்
என்னோடு சாய்ந்தன.

வெள்ளை வேறு மாதிரி.
மூச்சு இழு, அமுக்கு, வெடி, விடு;
ரெண்டு சுற்றுக்கு ஒரு வெடி.
அடுத்த சுற்றில் வீட்டைப் பெருக்குகிறது.
விரல் கேட்ட அளவுக்குத் தள்ளியது,
ஒரு சொட்டு கூட்டவில்லை, குறைக்கவில்லை.
கவிழ்ந்தால் எந்தப் பக்கம் புரட்டணும் என்று
பின்னால் அம்புக்குறி ஒட்டியிருக்கிறார்கள்.
தலைகீழாய்க் கிடக்கும்போது
யார் படிப்பார்கள், தெரியவில்லை.

மஞ்சளுக்கு எழுந்து போன கொக்குகள்
வெள்ளைக்கு எழவேயில்லை.
அதுதான் வினையாயிற்று.

மீன் குத்தகைக் கன்னியப்பன்
தெர்மாகோல் தெப்பத்தில் முதுகு காட்டி
வலை எடுத்துக்கொண்டிருந்தார்.
நான் வருவது காதில் விழவில்லை.
நான் ஒடித்தேன்,
வலை ஒடியவில்லை.
நைலானை இருபது முழம் விழுங்கிவிட்டு
வெள்ளை நின்றது.
இழுத்துப் போக வந்த இம்தாதின் மஞ்சளும்
பாசியை உறிஞ்சி
நாலடி முன்னால் செத்தது.

உடைந்த பிளாஸ்டிக் தட்டால் துடுப்புப் போட்டு
எங்கள் இரண்டையும் கரைசேர்த்தார் கன்னியப்பன்.
பேசவில்லை. வியர்வையைத் துடைத்தபின்
ஒன்றே ஒன்று சொன்னார்:
"இழுக்கறதுக்கு மஞ்சள்தான் லேசு."

வலைக்கு ஆயிரத்தெண்ணூறு கொடுத்தோம்.
பிளேடு வைத்து இம்தாத்
பம்புக்குள்ளிருந்து அறுத்து எடுத்ததில்
இரண்டு கெண்டைக் குஞ்சுகள்,
ஒன்றுக்கு உயிர் இருந்தது.

ராத்திரி குணாளனுக்குச் சொன்னேன்:
வெள்ளை வாங்குங்க.
புகையில்ல, பெட்ரோல் கம்மி,
வர்ற பசங்க பயப்பட மாட்டாங்க.
கூடவே ஒரு ஹார்ன் வாங்குங்க.

எது வாங்கட்டும் என்றுதான் கேட்டார் அவர்.
எது பிடித்தது என்று கேட்கவில்லை.

சட்டையைத் துவைக்கப் போடாமல்
கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.
கரையில் மஞ்சள் நின்ற இடத்தில்
எண்ணெய் ஒரு வானவில்லாய் மிதந்திருந்தது.
கன்னியப்பன் அதைக் கையால் தள்ளிவிட்டார்.
விலகி, வளைந்து,
அவர் கை எடுத்த இடத்துக்கே
திரும்பி வந்தது.