மேலே தெரிவது

ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு ஃபுல் டொஸ்.
பிஸ்கட் நொறுங்கும் சத்தம்
என் முகத்துக்குள்ளேயே கேட்டது.
தலைக்கவசம் இல்லாமல் ஒருநாளும்
மின்கம்பம் ஏறாதவன் நான்.
ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு யார் போடுவான்?

கண்ணுக்குக் கீழே உள்ள தட்டு
முட்டைக்கோது மொத்தம்தானாம்.
அது உடைந்த இடத்தில் கொஞ்சம் கொழுப்பும்
ஒரு தசையின் ஓரமும்,
கதவிடுக்கில் அகப்பட்ட சீலைத் தலைப்புப் போல.
மூக்குச் சிந்தாதேங்கோ, என்றா மிஸ்ஸி,
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கோ.

"வீக்கம் வடியட்டும், பார்ப்போம்."
டொக்டர் பாலசூரிய சொன்னது
சிங்களத்தில் இருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது.
பார்க்கிறதுதானே சேர் பிரச்சினை,
என்று நான் சொன்னதை
மிஸ்ஸி திருப்பிச் சொல்லவில்லை.

நேரே பார்த்தால் ஒன்று.
சோற்றுக்கோப்பை ஒன்று, ரஜனிகா ஒருத்தி.
அண்ணாந்தால்தான் எல்லாம் இரண்டு.
பின்னேரங்களில் உட்துறைமுக வீதிக்குப் போய்
ஒரே கம்பியின் இரண்டு கம்பிக்கும் நடுவே
விரல் வைத்து அளந்தேன்.
நாலாம் நாள் நாலு விரல்.
ஏழாம் நாள் இரண்டு.
ஒன்பதில் ஒன்று.
பத்திலும் ஒன்று. பதினொன்றிலும்.

வெட்டினால்: கீழே ஒரு வலை வைத்துக் கண்ணைத் தாங்கலாம்.
இமை கொஞ்சம் இழுபடலாம்.
மிக அரிதாக, பார்வையே போகலாம்.
விட்டால்: தானாகச் சரிவரலாம்.
கண் உள்ளே இறங்கலாம், ஒரு நெல்மணி அளவு.
பிந்தினால் தழும்பு பிடித்துவிடும்.
"ரெண்டும் பிழையில்லை" என்றார்.
அவர் சொன்னதிலேயே கொடுமையான வசனம் அதுதான்.

இறங்கட்டும், நான்தானே பார்க்கப்போறன்,
என்றாள் ரஜனிகா, கன்னத்தைத் தொட்டு.
கை தெரிந்தது. தொட்டது தெரியவில்லை.
அந்த நரம்பு இன்னும் நித்திரை.

ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்:
நாடியை நிமிர்த்தினால் இரண்டும் ஒன்றாகும்.
அப்படியே நடந்து காட்டினேன்.
"தலைக்கனம் பிடிச்ச ஆள் மாதிரி இருக்கு."
பிறகு, "முந்தியும் அப்பிடித்தான்."

சீனன்குடாப் பக்கம் மீற்றர் வாசிக்கிற வேலை
ஒன்று காலியாம். சுப்பர்வைசர் நல்ல மனுசன்.
மீற்றர் கண் மட்டத்தில்தான் இருக்கும்.
நாய் மட்டும் கவனம்.

ஆனால் கம்பத்தடியில் நௌசாத் நிற்பான்,
நான் காட்டும் கம்பியை நம்பி.
எது செத்தது, எது உயிர் என்று
மேலே இருந்து சொல்கிறவன் நான்.
ஒரு விரல் பிழை
என்னோடு முடியாது.

படிவத்தைக் குனிந்து பார்த்தேன்.
கையெழுத்துக் கோடு ஒன்றாகவே கிடந்தது.
கீழே பார்ப்பதில் எனக்கொரு குறையும் இல்லை.
போட்டேன். செவ்வாய்க்கிழமை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காகம்
இரண்டு கம்பியில் இருந்தது.
வலது கண்ணை மூடினேன்,
மேலே இருந்த காகம் இல்லாமல் போனது.
திறந்தேன். வந்தது.
மூடினேன்.
பஸ் வரும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.